இரண்டு ஏஸ் கையில் வந்தவர்களுக்கு

ரம்மி மேசையில் வளர்ந்து, இப்போது நோ-லிமிட் போக்கர் போட்டிகளில் வந்து உட்காரும் நண்பர்களுக்கு,



போட்டி இடைவேளையில் நாம் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஒரே கதைதான். "ஏஸ் ஜோடி வந்துச்சுங்க. எவனோ ஏழும் ஆறும் வச்சுக்கிட்டு உள்ளே வந்தான். கடைசிச் சீட்டுல அடிச்சுட்டுப் போயிட்டான்." கேட்டவர் 'அடடா' என்று தலையை ஆட்டிவிட்டு, தன் கிங் ஜோடி போன கதையைத் தொடங்குவார். இந்தக் கதைகளில் கடைசியாக விழுந்த சீட்டுதான் எப்போதும் வில்லன். மேசையில் ஒரு சீட்டுகூட விழாத நேரத்தில் நாம் என்ன செய்தோம் என்பது கதையில் வருவதே இல்லை. விடுபட்டுப்போகும் அந்தப் பகுதியைப் பற்றித்தான் இந்த மடல்.

ரம்மி நமக்கு நல்ல பள்ளிக்கூடம். எதிராளி எதை எடுக்கிறார், எதைக் கீழே போடுகிறார் என்று கண் வைத்திருக்கும் பழக்கம் அங்கே வந்தது. உருப்படாத கையை 20 பாயின்ட்டோடு டிராப் செய்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் பொறுமையும் அங்கே வந்ததுதான். போக்கர் மேசையில் வாங்கிய சீட்டையெல்லாம் ஆடிப் பார்க்கத் துடிக்கும் ஆட்களைவிட நாம் கெட்ட கையை நன்றாகவே கையாள்கிறோம். தகராறு நல்ல கையில்தான்.

ரம்மியில் முதல் பதின்மூன்று சீட்டிலேயே ஒரிஜினலும் இரண்டு ஜோக்கரும் வந்துவிட்டால் என்ன செய்வோம்? மூச்சு விடமாட்டோம். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, மற்றவர்கள் டிராப் செய்யாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாக எடுப்போம். எடுத்தது ஒத்துவரவில்லையா, கீழே போட்டுவிடலாம். நல்ல ரம்மிக் கை கெட்டுப்போக வழியே கிடையாது. அடுத்தவர் முந்திக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

டெக்சாஸ் ஹோல்டெமில் நடுவில் விழும் ஐந்து சீட்டும் எல்லோருக்கும் பொது. பிடிக்காத சீட்டைக் கீழே போட முடியாது. இரண்டு ஏஸ் வைத்திருப்பவர் மற்ற எல்லாக் கைகளையும்விட மேலே இருப்பது, நடுவில் எதுவும் விழாத அந்த ஒரு கட்டத்தில்தான். முதலில் விழும் மூன்று சீட்டான ஃப்ளாப்பில் இன்னொரு ஏஸ் விழுவது சுமார் எட்டரை தடவைக்கு ஒரு முறை. மற்ற நேரங்களில் அவர் கையில் இருப்பது ஒரு ஜோடி மட்டும். பெரிய ஜோடிதான், ஆனாலும் ஒரு ஜோடி. எதிரே இருப்பவருக்கோ இரண்டு ஜோடி, மூன்று ஒரே சீட்டு, ஸ்ட்ரெய்ட், ஃப்ளஷ் என்று மேலே ஏறப் பல வழிகள். இந்தக் கையை வைத்துக்கொண்டு ரம்மிக்காரரைப் போலக் காத்திருப்பது, விலை இறங்கப்போகும் சரக்கைப் பூட்டி வைப்பதற்குச் சமம்.

ஏஸ் ஜோடி 221 கைகளுக்கு ஒரு முறை வரும். ஒரு மணி நேரத்துக்கு முப்பது கை ஆடும் நேரடி மேசையில் ஏழு மணி நேரத்துக்கு ஒன்று. அவ்வளவு நேரம் காத்திருந்து கிடைத்த கையை எப்படி ஆடுகிறோம்? பலர் வெறுமனே பிளைண்ட் தொகையை மட்டும் போட்டு, நைசாக உள்ளே நுழைகிறார்கள். அதற்கு 'லிம்ப்' என்று பெயர். "ஏத்திவிட்டா எல்லாரும் ஓடிடுவாங்க" என்பது காரணம். கணக்கைப் பாருங்கள். கடைசிச் சீட்டு வரை போனால், எந்தக் கையோ வைத்திருக்கும் ஒரே ஒருவருக்கு எதிராக ஏஸ் ஜோடி சுமார் 85 சதவீதம் ஜெயிக்கும். இருவர் என்றால் 73. மூவர் என்றால் 64. நால்வர் என்றால் 56. எட்டுப் பேரும் உள்ளே வந்தால் 35க்கு இறங்கிவிடும்.

இதைப் படித்துவிட்டு விவரம் தெரிந்த ஒருவர் மறுப்பார்: "நால்வர் வந்து 56 சதவீதம் என்றால், ஐந்து பங்கு பணத்தில் பாதிக்கு மேல் என்னுடையதுதானே? லாபம்தானே?" எல்லோரும் ஃப்ளாப்புக்கு முன்பே முழுப் பணத்தையும் வைத்துவிட்டால், சரிதான். பண மேசையில் அது விருந்து. போட்டியில்கூடச் சில்லுக் கணக்குக்கு அது லாபம். ஆனால் நூற்றுக்கு 44 முறை எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும், மறுபடி சில்லு வாங்க முடியாது. அதெல்லாம் இருக்கட்டும். லிம்ப் செய்தால் அப்படி யாரும் முழுப் பணத்தையும் வைப்பதில்லையே! ஆளுக்கு ஒரு பிளைண்ட் வைத்து ஐந்து பேர் ஃப்ளாப் பார்க்கிறார்கள். பாட் சின்னது, ஆட்கள் அதிகம், யார் கையில் என்ன என்று தெரியாது. நம் கையில் ஒரு ஜோடி. ஒளித்து வைத்ததால் கிடைத்த பலன் இவ்வளவுதான்.

மலிவாக நுழையும் கைகள் என்ன செய்யும் என்பதற்கு ஆட்டத்தின் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. 2003-இல் லாஸ் வேகஸில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. 839 பேர் ஆடியதில் கடைசியில் மிஞ்சியது இருவர். சாம் ஃபர்ஹா கையில் ஜாக்-பத்து. கிறிஸ் மணிமேக்கர் கையில் ஐந்து-நான்கு. ஃப்ளாப்பில் ஜாக், ஐந்து, நான்கு. ஃபர்ஹாவுக்கு மேசையிலேயே பெரிய ஜோடி. மணிமேக்கருக்கு யாரும் எதிர்பார்க்காத இரண்டு ஜோடி. முழுப் பணமும் உள்ளே போனது. டென்னசியிலிருந்து வந்த அந்தக் கணக்காளர் 25 லட்சம் டாலரோடு எழுந்தார். ஃபர்ஹா அனுபவசாலி. அவரே ஒரு ஜோடியை விட்டு விலக முடியாமல் போனார் என்றால், ஐந்து பேர் பார்க்கும் ஃப்ளாப்பில் நம் ஏஸ் ஜோடியை விட்டு விலகும் மனது நமக்கு வருமா? வராது. நான் பார்த்தவரை, லிம்ப் செய்தவர்தான் அதிகம் ஒட்டிக்கொண்டிருப்பார்; இவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்து வைத்ததற்குக் கூலி வேண்டுமே.

சரி, ஏற்ற வேண்டும். எவ்வளவு? ஒரு கையை எண்களோடு போட்டுப் பார்ப்போம். பிளைண்ட் 500/1,000, ஆன்ட்டி 1,000. உங்களிடமும் எதிராளியிடமும் தலைக்கு 50,000 சில்லு, அதாவது 50 பெரிய பிளைண்ட். அவர் 2,500க்கு ஏற்றுகிறார். உங்கள் கையில் ஏஸ் ஜோடி. நீங்கள் 8,000க்கு மறுபடி ஏற்றுகிறீர்கள். மற்றவர்கள் விலக, அவர் மட்டும் கால் செய்கிறார். இப்போது பாட்டில் 18,500. உங்கள் இருவரிடமும் மிச்சம் 42,000. பாட்டைப் போல இரண்டேகால் மடங்குதான் வெளியே இருக்கிறது. ஃப்ளாப்பில் பாதிப் பாட் அளவுக்கு, 9,000 வைக்கிறீர்கள். அவர் கால் செய்கிறார். பாட் 36,500, கையில் 33,000. அடுத்த சீட்டில் ஆல்-இன் சொல்வது இயல்பாகவே வந்துவிடும். நீங்கள் பெரிய ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஃப்ளாப்புக்கு முன் செய்த ஒரு காரியம் மற்ற எல்லா முடிவுகளையும் எளிதாக்கிவிட்டது.

அதே கையை லிம்ப் செய்து பாருங்கள். சின்ன பிளைண்டும் பெரிய பிளைண்டும் இன்னும் இருவரும் சேர்ந்து ஐந்து பேர் ஃப்ளாப் பார்க்கிறார்கள். பாட் 6,000. உங்களிடம் 49,000. எட்டு மடங்குக்கு மேல் வெளியே நிற்கிறது. ஃப்ளாப்பில் ஒன்பது, எட்டு, நான்கு, இரண்டு ஆட்டின். நீங்கள் 4,000 வைக்கிறீர்கள். பெரிய பிளைண்டில் இருப்பவர் 13,000க்கு ஏற்றுகிறார். அவரிடம் என்ன? ஒன்பது-எட்டா, நான்கு ஜோடியா, ஆட்டின் இரண்டா, வெறும் மிரட்டலா? சும்மா இருந்தவரை உள்ளே விட்டது நீங்கள்தான். எந்த இரண்டு சீட்டும் அவரிடம் இருக்கலாம். இந்தக் கேள்விக்கு உலகச் சாம்பியனும் திணறுவார். கையில் இருப்பது அதே இரண்டு ஏஸ்.

பாட்டுக்கும் கையில் மிஞ்சியிருப்பதற்கும் உள்ள இந்த விகிதத்தைத்தான் நல்ல ஆட்டக்காரர்கள் ஃப்ளாப்புக்கு முன்பே மனதில் போட்டுக்கொள்கிறார்கள். மூன்றுக்குக் கீழே இருந்தால் ஒரு பெரிய ஜோடியோடு கடைசி வரை போகலாம், வருத்தம் வேண்டாம். பத்துக்கு மேலே இருந்தால் ஒரு ஜோடிக்காக முழுக் குவியலையும் கொடுப்பது தற்கொலை.

ஏற்றும் அளவைப் பற்றி இன்னொன்று. ஏஸ் ஜோடிக்கு இரண்டு மடங்கு, ஜாக் ஜோடிக்கு ஐந்து மடங்கு என்று ஏற்றுபவர்கள் நம்மிடையே நிறைய. முதலாவதில் ஆள் வேண்டும் என்ற ஆசை, இரண்டாவதில் ஆள் வேண்டாம் என்ற பயம். அரை மணி நேரம் பார்த்தால் மேசை முழுவதும் அதைப் படித்துவிடும். ஏழு-ஆறு வைத்து ஏற்றும்போதும் ஏஸ் வைத்து ஏற்றும்போதும் ஒரே அளவு; அதுதான் ஒளிந்துகொள்ளும் முறை. உடம்பும் காட்டிக்கொடுக்கும். நல்ல சீட்டைப் பார்த்ததும் கண் ஒரு நொடி தன் சில்லுக் குவியலுக்குப் போய், உடனே எங்கோ பராக்குப் பார்க்கும். மைக் கேரோ 1984-இல் வெளியிட்ட புத்தகத்திலேயே இதை எழுதிவிட்டார். இன்றும் வார இறுதி மேசைகளில் இது பிசகாமல் நடக்கிறது. போன் பார்த்துக்கொண்டிருந்தவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தால், நான் என் குயின் ஜோடியைக்கூட யோசித்துத்தான் ஆடுவேன்.

எல்லாம் சரியாகச் செய்தும் தோற்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2010 முதன்மைப் போட்டி. 7,319 பேரில் 15 பேர் மிஞ்சிய நேரம். மாட் அஃப்லெக் கையில் ஏஸ் ஜோடி, கியூபெக்கைச் சேர்ந்த ஜோனதன் டுஹாமெல் கையில் ஜாக் ஜோடி. ஃப்ளாப்புக்கு முன்பே ஏற்றி, மறுபடி ஏற்றி, பாட் பெரிதாகிவிட்டது. ஃப்ளாப்பில் பத்து, ஒன்பது, ஏழு. அஃப்லெக் பணம் வைக்க, டுஹாமெல் கால் செய்தார். நான்காவது சீட்டு குயின். அஃப்லெக் ஆல்-இன். டுஹாமெல் நீண்ட நேரம் யோசித்துவிட்டுக் கால் சொன்னார். தெரியாத 44 சீட்டுகளில் டுஹாமெலுக்கு உதவக்கூடியவை பத்து: நான்கு எட்டு, நான்கு கிங், இரண்டு ஜாக். அதாவது 77 சதவீதம் அஃப்லெக் பக்கம். பாட்டில் நான்கு கோடிக்கு மேல் சில்லு. ஜெயித்திருந்தால் மேசைகளில் முன்னணியில் இருந்திருப்பார். எட்டு விழுந்தது. அஃப்லெக் கண் கலங்கி அறையை விட்டு வெளியே போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அவருக்குப் பதினைந்தாம் இடம், ஐந்து லட்சம் டாலர் சொச்சம். டுஹாமெல் அந்தச் சில்லுகளை வைத்துக்கொண்டு போட்டியையே ஜெயித்தார். 89 லட்சம் டாலருக்கு மேல், முதன்மைப் போட்டியை வென்ற முதல் கனடாக்காரர் என்ற பெயர் வேறு.

இந்தக் கையில் அஃப்லெக் செய்ததில் நான் ஒன்றையும் மாற்றமாட்டேன். ஒருவரே எதிரே, பெரிய பாட், 77 சதவீதம் தன் பக்கம் இருக்கும்போது எல்லாப் பணமும் உள்ளே. நாம் கேட்கக்கூடியது அவ்வளவுதான். நம்முடைய இடைவேளைக் கதைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து பேரை மலிவாக உள்ளே விட்டுத் தோற்றதும் இதுவும் ஒன்றா? இரண்டையும் துரதிர்ஷ்டம் என்ற ஒரே பெயரில் அழைப்பதில்தான் எனக்குக் கோபம்.

துரதிர்ஷ்டத்தின் உச்சம் வேண்டுமென்றால் 2014 இருக்கிறது. நுழைவுக் கட்டணமே பத்து லட்சம் டாலரான 'பிக் ஒன் ஃபார் ஒன் டிராப்' போட்டியில் கானர் டிரினன், கேரி காட்ஸ் இருவர் கையிலும் ஏஸ் ஜோடி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவைக்கு மேல் பாட்டைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு போக வேண்டிய கை. நடுவில் நான்கு ஆட்டின் விழுந்தது. ஆட்டின் ஏஸ் காட்ஸிடம். டிரினன் வெளியே. இதற்கெல்லாம் பாடம் எதுவும் கிடையாது.

ஆழம் அதிகமான போட்டிகளுக்கு ஒரு எச்சரிக்கை. இன்றைய முதன்மைப் போட்டியில் 10,000 டாலர் கட்டினால் 60,000 சில்லு தருகிறார்கள். பிளைண்ட் 100/200இல் தொடங்குகிறது. 300 பெரிய பிளைண்ட். ஒவ்வொரு லெவலும் இரண்டு மணி நேரம். அங்கே முதல் நாளில் ஒரு ஜோடியை வைத்து எல்லாவற்றையும் தள்ள யாருக்கும் அவசரம் இல்லை. 2017-இல் முதல் நாளே வனெசா செல்ப்ஸ்ட், கயெல் பாமன் என்ற இரண்டு தேர்ந்த ஆட்டக்காரர்கள் மோதினார்கள். செல்ப்ஸ்டிடம் ஏஸ் ஜோடி, பாமனிடம் ஏழு ஜோடி. ஃப்ளாப்பில் ஏஸ், ஏழு, ஐந்து. நான்காவது சீட்டு இன்னொரு ஏழு. செல்ப்ஸ்டுக்கு ஏஸ் மூன்றும் ஏழு இரண்டும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ். பாமனுக்கு நான்கு ஏழு. செல்ப்ஸ்ட் அங்கேயே வெளியேறினார். ஃபுல் ஹவுஸையே இப்படிப் பறிக்கும் ஆட்டத்தில், முந்நூறு பிளைண்ட் ஆழத்தில், வெறும் ஏஸ் ஜோடியோடு ஃப்ளாப்பில் ஆல்-இன் சொன்னால் உங்களைக் கால் செய்பவர் யார் என்று யோசியுங்கள். மோசமான கைகள் ஓடிவிடும். உங்களை அடித்த கை மட்டும் நிற்கும். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை பிளைண்ட் ஏறும் நம் வார இறுதிப் போட்டிகளிலோ இந்தக் கவலை மூன்றாவது மணி நேரத்தில் போய்விடும். அங்கே எல்லோரிடமும் இருபது பிளைண்ட்தான் இருக்கும். ஏற்றுங்கள், மறுபடி ஏற்றினால் உள்ளே தள்ளுங்கள், அவ்வளவுதான் ஆட்டம்.

ஏஸ் ஜோடி சுலபமான கை என்றே சொல்வேன். கஷ்டம் அதற்குக் கீழேதான் தொடங்குகிறது. கிங் ஜோடி வைத்திருக்கும்போது, ஒன்பது பேர் மேசையில் வேறு யாரிடமாவது ஏஸ் ஜோடி இருப்பதற்கான வாய்ப்பு சுமார் நான்கு சதவீதம். அதற்குப் பயந்து ஃப்ளாப்புக்கு முன் கிங்கைக் கீழே போடுபவர்கள், ஒரு தடவை தப்பிக்க மீதிப் பலமுறைகளின் லாபத்தைத் தூக்கி எறிகிறார்கள். ஆனால் கிங் ஜோடிக்கு ஃப்ளாப்பில் ஏஸ் விழுவது 23 சதவீதம். குயின் ஜோடிக்கு ஏஸோ கிங்கோ விழுவது 41. ஜாக் ஜோடி என்றால் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழுவது 57. "ஜாக் ஜோடியை எப்படி ஆடினாலும் தப்பு" என்று மேசைகளில் சொல்லும் கிண்டல் இந்த எண்ணிலிருந்து வந்ததுதான். பாதிக்கு மேற்பட்ட ஃப்ளாப்புகளில் நீங்கள் சந்தேகத்தோடு ஆட வேண்டியிருக்கும். அதனால்தான் சில்லு குறைவாக இருக்கும்போது ஜாக்கும் குயினும் எனக்குப் பிடிக்கும். முப்பது பிளைண்டுக்குக் கீழே அவற்றை ஃப்ளாப் பார்க்கவிடாமலே முடித்துவிடலாம்.

ஏஸ்-கிங் தனிப் பிறவி. பார்க்க ராஜ களை, உண்மையில் கையில் இன்னும் எதுவும் இல்லை. குயின் ஜோடிக்கு எதிராக அது ஜெயிப்பது நூற்றுக்கு 43 முதல் 46. கிங் ஜோடிக்கு எதிராக 30 சொச்சம். ஏஸ்-குயினுக்கு எதிராக மட்டும் 74 வரை போகும். அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் கையில் ஒரு ஏஸும் ஒரு கிங்கும் இருப்பதால், எதிராளிக்கு ஏஸ் ஜோடி அமைய ஆறு வழி இருந்தது மூன்றாகிவிடுகிறது. கிங் ஜோடிக்கும் அப்படியே. ஆகவே முதலில் ஆல்-இன் சொன்னால் பலர் விலகுவார்கள், கால் செய்யும் சிலரிடமும் பிழைக்க வாய்ப்பு இருக்கும். இன்னொருவர் சொன்ன ஆல்-இன்னை ஏஸ்-கிங்கோடு கால் செய்யும்போது இதில் பாதி பலம் போய்விடுகிறது, எதிராளி விலகுவதற்கே இடமில்லை. ஒரே கை, பணத்தை யார் முதலில் வைக்கிறார் என்பதில் அதன் மதிப்பு மாறுகிறது. ரம்மியில் இதற்கு இணையானது எதுவும் கிடையாது. நம் ஆட்கள் ஏஸ்-கிங்கில் அதிகம் அடிபடுவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இனி, போட்டிக்கே உரிய விஷயம். பண மேசையில் ஆயிரம் ரூபாய்ச் சில்லு ஆயிரம் ரூபாய். போட்டியில் சில்லுக்கு நிலையான விலை கிடையாது. இரட்டிப்பானால் உங்கள் பரிசு எதிர்பார்ப்பு இரட்டிப்பாகாது. பூஜ்யமானால் முழுவதும் போய்விடும். இதைத் தெளிவாகப் பார்க்க, பெரிய போட்டிக்கு டிக்கெட் தரும் சாட்டிலைட் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து டிக்கெட். பதினொரு பேர் மிச்சம். எல்லோரிடமும் ஒரே அளவு சில்லு. முதல் பத்துப் பேருக்கும் ஒரே பரிசு, பதினொன்றாமவருக்கு ஒன்றுமில்லை. இப்போது உங்களுக்கு முன்னால் இருப்பவர் ஆல்-இன் சொல்கிறார். நீங்கள் சீட்டைப் பார்க்கிறீர்கள்: ஏஸ் ஜோடி.

சீட்டைக் கீழே போட்டால் பதினொருவரில் பத்துப் பேருக்கு டிக்கெட் என்ற நிலை தொடர்கிறது. உங்கள் வாய்ப்பு ஏறத்தாழ 91 சதவீதம். கால் செய்தால்? அவர் கையில் எது இருந்தாலும் நீங்கள் ஜெயிப்பது 85 சதவீதம். ஜெயித்தால் டிக்கெட் உண்டு, ஆனால் இரட்டிப்புச் சில்லுக்கு இரண்டாவது டிக்கெட் கிடையாது. தோற்றால் ஒன்றுமே இல்லை. 91ஐ விட்டுவிட்டு 85ஐ வாங்குபவர் யார்? கீழே போடுங்கள். சிரித்துக்கொண்டே போடுங்கள். உலகின் மிகச் சிறந்த தொடக்கக் கையை, ஃப்ளாப் பார்க்காமலே, முழு நிதானத்தோடு. இதைச் சொன்னால் நம் மேசையில் சண்டைக்கு வருகிறார்கள். "ஏஸ் ஜோடியைப் போடுறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்கிறார்கள். இல்லை, டிக்கெட்டுக்காக வந்தீர்கள்.

ஆனால் இதை எல்லாப் போட்டிகளுக்கும் இழுத்துவிடாதீர்கள். பரிசு மேலே போகப் போகப் பெருகும் சாதாரணப் போட்டியில், முதல் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் மலையளவு வித்தியாசம் இருக்கும்போது, ஏஸ் ஜோடியைக் கீழே போடும் சந்தர்ப்பம் நடைமுறையில் வரவே வராது. பரிசு வாசலில் நிற்கும் நேரத்தில் ஏஸ்-குயினையும் பத்து ஜோடியையும் போட வேண்டி வரலாம், அது வேறு. பரிசுப் பலகையைப் பார்த்துவிட்டு ஆடுங்கள் என்பதே நான் கேட்பது. நம்மில் பலர் அதைப் போட்டி முடிந்த பிறகுதான் பார்க்கிறோம்.

இன்னும் ஒரு கணக்கு, மனதுக்குச் சமாதானமாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் 80 சதவீதம் உங்கள் பக்கம் இருக்க, மூன்று முறை ஆல்-இன் போகிறீர்கள். மூன்றையும் ஜெயிப்பது 51 சதவீதம். ஐந்து முறை என்றால் 33. ஆக, ஒரு நீண்ட போட்டியில் எப்போதும் சிறந்த கையோடு மட்டுமே பணம் வைக்கும் ஆள்கூட, அடிக்கடி வெளியேறத்தான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெளியேற்றுவது ஏஸாகவோ கிங்காகவோதான் இருக்கும், ஏனென்றால் அவர் வேறு எதையும் ஆடுவதில்லை. 'எனக்கு மட்டும் ஏஸ் ராசி இல்லை' என்று சொல்பவர் இந்தக் கணக்கை ஒரு முறை காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.

கடைசியாகப் பணம். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகளே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதை, திறமையோ அதிர்ஷ்டமோ என்று பாராமல், மத்திய அரசின் 2025 சட்டம் தடை செய்துவிட்டது. ஆகவே நம்மவர்கள் பணஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்களுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். பயணச் செலவு, விடுதிச் செலவு எல்லாம் ஏறிவிட்ட பிறகு, ஏஸ் ஜோடியோடு வெளியேறியவர் அதே இரவில் ஆத்திரத்தோடு பண மேசையில் போய் உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைபேசியில் ரம்மி ஆடிக் கடனாகிப்போன வீடுகள் நம் ஊரில் எத்தனை என்று நமக்குத் தெரியும். 80 சதவீதம் நம் பக்கம் இருந்தாலும், தோற்கும் அந்த 20 சதவீதம் வரும். அது வரும் இரவில் கட்டணம் போக மீதிப் பணம் விடுதி அறையில் இருக்க வேண்டும், சட்டைப் பையில் அல்ல.

அடுத்த போட்டியின் இடைவேளையில் சந்திப்போம். உங்கள் ஏஸ் கதையை நான் கேட்கத் தயார். கடைசிச் சீட்டு என்னவென்று மட்டும் சொல்ல வேண்டாம். உங்களிடம் எத்தனை பிளைண்ட் இருந்தது, எவ்வளவு ஏற்றினீர்கள், எத்தனை பேர் ஃப்ளாப் பார்த்தார்கள்? இந்த மூன்றையும் சொல்லுங்கள். காபி என் செலவு.

அன்புடன்,
உங்கள் மேசைக்காரன்